நாற்பதா, பதினாலா?

ஓர் இங்கிலீஷ் வார்த்தை ஒரு வீட்டு அடுப்பை அணைத்துவிட்டது என்று சொன்னால் நம்புவீர்களா? நம்பத்தான் வேண்டும். எங்கள் எதிர் வீட்டிலே நடந்த சங்கதி.

பூவிருந்தவல்லியிலிருந்து ஆவடிக்குப் போகிற சாலையில் பாரிவாக்கம் இருக்கிறது. ஏரியும் வயலுமாக இருந்த ஊரின் வாசற்படிவரை இப்போது பட்டணம் வந்து நின்றுவிட்டது. அங்கேதான் நாங்கள் குடியிருக்கிறோம். எதிர் வீட்டுத் தாத்தாவுக்கு எண்பது வயது முடிந்து பத்து மாதம் ஆகப் போகிறது. சதாபிஷேகத்துக்கு நாள் பார்த்தாகிவிட்டது. இன்னும் இருபதே நாள். மண்டபம் பேசி, சமையற்காரருக்கு முன்பணம் கொடுத்து, பத்திரிகையும் அடித்தாகிவிட்டது. ஒரே பிள்ளை இங்கிலாந்தில் உத்தியோகம் பார்க்கிறான். அவன் வரவேண்டியதுதான் பாக்கி.

அன்று காலையில் அவனிடமிருந்து செல்போனில் செய்தி வந்தது. ஆபீஸ் அவசரத்தில் இங்கிலீஷிலே இரண்டு வரி தட்டிவிட்டிருந்தான். 'ஒரு ஃபோர்ட்நைட்டில் அங்கே இருப்பேன்' என்பது சாரம். வீட்டில் இங்கிலீஷ் படிக்கிறவள் பன்னிரண்டு வயதுப் பேத்தி ஒருத்திதான். அவள் படித்துப் பார்த்தாள். 'நைட்' என்றால் ராத்திரி, 'ஃபோர்ட்' என்றால்? ஃபார்ட்டியைத்தான் மாமா சுருக்கி எழுதியிருக்கிறார் என்று தீர்மானித்துவிட்டாள்.

"பாட்டி! மாமா நாற்பது ராத்திரி கழித்து வருகிறாராம்!"

அவ்வளவுதான். பாட்டி அடுப்பை அணைத்துவிட்டு, முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு கூடத்தில் உட்கார்ந்துவிட்டார். சாயங்காலம் நான் எட்டிப் பார்த்தபோதும் அதே இடத்தில்தான் இருந்தார்.

"வாம்மா. உனக்கு இங்கிலீஷ் தெரியுமே, நீயே படித்துப் பார். பெற்ற தகப்பனுக்குச் சதாபிஷேகம் முடிந்து, மாலையெல்லாம் வாடி, அதற்கப்புறம் இருபது நாள் கழித்து வந்து எதைப் பார்க்கப் போகிறானாம்?"

நான் வாங்கிப் படித்தேன். சிரிப்பு வந்துவிட்டது. சிரிக்கிற நேரமா அது?

"பாட்டி, நாற்பது இல்லை! பதினாலு! பதினாலு ராத்திரி! அவர் வந்த பிறகும் விசேஷத்துக்கு ஆறு நாள் இருக்கும்!"

பாட்டி என்னை நம்பவில்லை. "குழந்தை நாற்பது என்கிறாள், நீ பதினாலு என்கிறாய். ஒரு வார்த்தைக்கு இரண்டு கணக்கா?" என்றார். ஆகவே அந்த வார்த்தையின் பிறப்பு வளர்ப்பையெல்லாம் சொல்லி நிரூபிக்க வேண்டியதாயிற்று. பாட்டிக்குச் சொன்னதை உங்களுக்கும் சொல்லுகிறேன். உங்கள் வீட்டிலும் வெளிநாட்டுப் பிள்ளைகள் இருக்கக் கூடும் அல்லவா?

ராத்திரியை எண்ணியவர்கள்

ஃபோர்ட்நைட் என்பது 'பதினாலு ராத்திரி' என்ற பழைய இங்கிலீஷ்த் தொடர் தேய்ந்து சுருங்கியது. 'ஃபோர்ட்டீன்' என்ற பதினாலுதான் வாய்க்கு வாய் மாறி 'ஃபோர்ட்' ஆகிவிட்டது. இதற்கு ஒரு தங்கையும் உண்டு. ஏழு ராத்திரிக்கு 'ஸெநைட்' என்று பெயர். வாரம் என்பதற்குப் பதிலாக இங்கிலீஷ்காரர்கள் ஒரு காலத்தில் அப்படித்தான் சொன்னார்கள். 1813-ல் வெளிவந்த ஜேன் ஆஸ்டின் நாவலில்கூட அந்த வார்த்தை வருகிறது. தங்கை காலமாகிவிட்டாள். அக்காள் மட்டும் இங்கிலாந்திலும் நம் நாட்டுச் சர்க்கார் கடிதங்களிலும் இன்னும் நடமாடிக்கொண்டிருக்கிறாள். அமெரிக்காக்காரர்களுக்கு அவளோடு அவ்வளவாகப் பழக்கமில்லை.

பகலை விட்டுவிட்டு ராத்திரியை ஏன் எண்ணினார்கள்? அந்த இனத்தாரின் பழைய வழக்கம் அது. ஜெர்மானியர்கள் நாட்களை எண்ணாமல் இரவுகளை எண்ணுகிறார்கள் என்று ரோமாபுரிச் சரித்திர ஆசிரியர் டாஸிடஸ் கி.பி. முதல் நூற்றாண்டின் கடைசியில் எழுதி வைத்திருக்கிறார்.

"இதென்ன விசித்திரம்!" என்றாள் பேத்தி.

"விசித்திரம் என்ன? நீ கொலு வைக்கிறாயே, அதற்கு என்ன பெயர்? நவ பகலா, நவராத்திரியா?" என்று கேட்டேன்.

குழந்தை கையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

கைகேயி சொன்ன கணக்கு

அதுவரை ஈஸிசேரில் கண்ணை மூடிக்கொண்டிருந்த தாத்தா திடீரென்று, "அப்படியானால் இது கைகேயி கணக்கு!" என்றார்.

தாத்தா கம்பராமாயணப் பித்தர். அவர் சொன்ன இடம் அயோத்தியா காண்டத்தில் இருக்கிறது. ராமனைக் காட்டுக்குப் போகச் சொல்லும்போது கைகேயி பதினான்கு ஆண்டு என்று வாய்விட்டுச் சொல்லவில்லை. ஏழையும் இரண்டையும் பெருக்கிக்கொள்ளும்படி, இரண்டு ஏழாகச் சொல்லுகிறாள். பதினான்கு என்றால் மலைப்பாக இருக்கும். ஏழு, இரண்டு என்றால் இரண்டும் சின்ன எண்கள், காதில் லேசாக விழும் என்று இதற்கு நயம் சொல்லுவார்கள்.

யோசித்துப் பாருங்கள். எண் ஒன்றுதான். கேட்கிறவர் மனசில் அது பெரிதாகவும் விழலாம், சிறிதாகவும் விழலாம். சொல்லுகிற விதத்தில் இருக்கிறது சூட்சுமம்!

நம்முடைய புலவர்களுக்கு இது கைவந்த வித்தை. பன்னிரண்டை ஈராறு என்பார்கள். பதினைந்தை மூவைந்து என்பார்கள். அம்பிகை வளர்த்த முப்பத்திரண்டு அறங்களை எண்ணான்கு அறம் என்பார்கள். புலவர்கள் கிடக்கட்டும், "ஈரேழு பதினாலு லோகத்திலும் இப்படி ஒரு பிள்ளை உண்டா?" என்று நம் வீட்டுப் பாட்டிமார்கள் அலுத்துக்கொள்வதில்லையா?

இங்கிலீஷ்க்காரர்களும் நேராகச் சொல்லவேண்டிய சின்ன எண்களைச் சுற்றி வளைத்துச் சொன்னவர்கள்தாம். இருபத்து நாலு என்பதை 'நாலும் இருபதும்' என்றார்கள். மணி ஐந்தடித்து இருபத்தைந்து நிமிஷம் என்பதை 'ஐந்துக்கு மேல் ஐந்தும் இருபதும்' என்று சொல்லுகிற கிழவர்கள் சமீப காலம்வரை இருந்தார்கள். அவர்களுடைய 'லெவன்', 'ட்வெல்வ்' இரண்டும்கூட இப்படிப் பிறந்தவையே. பத்து விரலையும் எண்ணி முடித்தபின் 'ஒன்று மிச்சம்' என்பது லெவன். 'இரண்டு மிச்சம்' என்பது ட்வெல்வ். பள்ளிக்கூடத்தில் அதை மனப்பாடம் செய்கிற குழந்தைகளுக்கு யாராவது இதைச் சொல்லுகிறார்களா?

ஸ்கோர் என்ன?

கிரிக்கெட் நடக்கும் நாளில் தெருவிலே போகிற யாரைக் கேட்டாலும் 'ஸ்கோர்' சொல்லுவார்கள். ஆனால் ஸ்கோர் என்ற வார்த்தைக்கு இங்கிலீஷில் இருபது என்று ஓர் அர்த்தம் உண்டு என்பது எத்தனை பேருக்குத் தெரியும்?

ஸ்கோர் என்றால் முதலில் வெட்டுக்கோடு. மந்தையை எண்ணுகிறவன் இருபது ஆடு எண்ணியதும் கையிலுள்ள குச்சியில் கத்தியால் ஒரு கோடு கீறிக்கொள்வானாம். மறுபடியும் ஒன்றிலிருந்து ஆரம்பிப்பானாம். ஆகவே கோடும் ஸ்கோர், இருபதும் ஸ்கோர். ஆதியில் கிரிக்கெட் ஓட்டங்களையும் குச்சியில் வெட்டித்தான் கணக்கு வைத்தார்கள். அந்தப் பெயர் ஆட்டத்தோடு ஒட்டிக்கொண்டது.

ஆட்டுக்காரன் மட்டுமல்ல, இங்கிலாந்து ராஜாவின் கஜானாவே குச்சிக் கணக்கில்தான் நடந்தது. ஆயிரம் பவுனுக்கு உள்ளங்கை அகலத்தில் ஒரு வெட்டு. நூறு பவுனுக்குப் பெருவிரல் அகலம். இருபது பவுனுக்குச் சுண்டுவிரல் அகலம். ஒரு பவுனுக்கு ஒரு பார்லி மணி அகலம். வெட்டியபின் குச்சியை நெடுக்காகப் பிளந்து ஆளுக்கொரு பாதி வைத்துக்கொள்வார்கள். கணக்குப் பார்க்கும்போது இரண்டு பாதியும் பொருந்த வேண்டும். ஒருவரை ஒருவர் ஏமாற்ற முடியாது!

இந்த வழக்கம் 1826-ல்தான் நின்றது. அதன்பின் வண்டி வண்டியாகக் குவிந்து கிடந்த பழைய குச்சிகளை 1834-ஆம் ஆண்டு அக்டோபர் 16-ந் தேதி பார்லிமெண்ட் கட்டடத்து உலையில் போட்டு எரித்தார்கள். நெருப்பு கட்டுமீறிப் போயிற்று. பார்லிமெண்டே எரிந்துவிட்டது! இன்று லண்டனில் நாம் படத்தில் பார்க்கிற பார்லிமெண்ட் மாளிகை அதற்குப் பிறகு கட்டியது.

"குச்சிக் கணக்கைக் கேலி செய்யாதே" என்றார் பாட்டி. அவர் சொன்னதும் நியாயம்தான். நம் வீடுகளில் பால்காரர் வந்து போனதும் சுவரில் ஒரு கரிக்கோடு போடுவோமே, அது வேறென்ன? மாதக் கடைசியில் அந்தச் சுவரல்லவா சாட்சி!

இருபதிருபதாக எண்ணுவது நம் பக்கத்துக்கும் புதிதல்ல. 1639-ல் கிழக்கிந்தியக் கம்பெனியார் சென்னைக்கு வந்து துணி வியாபாரம் ஆரம்பித்தார்கள். அந்த நாளைய ஏற்றுமதிக் கணக்குகளில் 'கார்ஜ்' என்று ஒரு வார்த்தை அடிக்கடி வரும். ஒரு கார்ஜ் என்றால் இருபது துணி. திண்ணைப் பள்ளிக்கூடத்தில் எண்சுவடி படித்த நம் முன்னோர்களோ ஒன்றை உடைக்கும்போதும் இருபதை விடவில்லை. ஒன்றை இருபது கூறாக்கினால் ஒரு கூறு 'மா'. எண்பது கூறாக்கினால் 'காணி'. முந்நூற்றிருபது கூறாக்கினால் 'முந்திரி'. வாயில் போட்டு மெல்லுகிற முந்திரி அல்ல. கணக்கிலே வருகிற முந்திரி!

தாத்தாவுக்கு எத்தனை ஸ்கோர்?

ஏன் இருபது? கைவிரல் பத்து, கால்விரல் பத்து. ஒரு முழு மனிதன் என்றால் இருபது. நான்கு மனிதர் சேர்ந்தால் எண்பது. எங்கள் தாத்தா!

கிறிஸ்தவர்களின் வேதப் புத்தகத்தில் மனிதனுடைய ஆயுளைச் சொல்லும் சங்கீதம் ஒன்று இருக்கிறது. 1611-ல் அச்சான இங்கிலீஷ் மொழிபெயர்ப்பில் எழுபது வயது என்பதை மூன்று ஸ்கோரும் பத்தும் என்றும், எண்பது வயதை நான்கு ஸ்கோர் என்றும் போட்டிருக்கிறார்கள். கோயிலில் வாராவாரம் அதைக் கேட்டு வளர்ந்த ஜனங்களுக்கு அந்த வார்த்தைகளில் ஒரு கனம் தெரியும். அமெரிக்க ஜனாதிபதி லிங்கன் அதை நன்றாக அறிந்தவர். 1863-ஆம் ஆண்டு நவம்பர் 19-ந் தேதி கெட்டிஸ்பர்க் போர்க்களத்தில் பேசும்போது, தம் தேசம் பிறந்து எண்பத்தேழு வருஷமாயிற்று என்பதை நான்கு ஸ்கோரும் ஏழும் என்ற கணக்கில்தான் ஆரம்பித்தார். வெறும் எண்பத்தேழு என்றால் அது பஞ்சாங்கக் கணக்கு. நான்கு ஸ்கோர் என்றதும் ஒரு மனிதனின் பூரண ஆயுள் கண்முன் வந்து நிற்கிறதல்லவா?

பிரெஞ்சுக்காரர்கள் இன்றைக்கும் எண்பதுக்கு 'நான்கு இருபது' என்றுதான் சொல்லுகிறார்கள். தொண்ணூறு அவர்களுக்கு 'நான்கு இருபதும் பத்தும்'. நம் புதுச்சேரியில் பிரெஞ்சுப் பள்ளிக்கூடத்தில் படித்தவர்களைக் கேட்டுப் பாருங்கள், சொல்லுவார்கள்.

நாம் என்ன செய்கிறோம்? அறுபதுக்குச் சஷ்டியப்தபூர்த்தி. எழுபதுக்குப் பீமரத சாந்தி. எண்பதுக்குச் சதாபிஷேகம். வெள்ளைக்காரரின் மூன்று ஸ்கோர், மூன்று ஸ்கோரும் பத்தும், நான்கு ஸ்கோர் எல்லாம் நம் வீட்டு மணையில் வந்து உட்கார்ந்துவிட்டன, பாருங்கள்!

சதாபிஷேகத்தில் இன்னொரு கணக்கும் அடங்கியிருக்கிறது. அது ஆயிரம் பிறை கண்டவருக்குச் செய்வது. சந்திரன் ஒரு சுற்று வளர்ந்து தேய இருபத்தொன்பதரை நாளுக்குச் சற்று மேலே ஆகிறது. ஆயிரம் சுற்று என்றால் எண்பது வருஷமும் சுமார் பத்து மாதமும். பெரியவர்கள் வானத்தைப் பார்த்தே போட்ட கணக்கு எவ்வளவு சரியாக இருக்கிறது!

டஜனும் கொசுறும்

வாழைப்பழம் டஜன், வளையல் டஜன், முட்டை டஜன். பத்தை விட்டுவிட்டுப் பன்னிரண்டை ஏன் பிடித்தார்கள் என்று கேட்டால், சமையலறையில் நிற்கிற எந்தப் பெண்ணும் பதில் சொல்லுவாள். பன்னிரண்டு பழத்தை இரண்டு பேருக்குப் பங்கிடலாம். மூன்று பேருக்குப் பங்கிடலாம். நான்கு பேருக்கும் ஆறு பேருக்கும் பங்கிடலாம். யாருக்கும் அரைப் பழம் கொடுக்கவேண்டியதில்லை. பத்துப் பழத்தை மூன்று குழந்தைகளுக்குப் பங்கிட்டுப் பாருங்கள், யுத்தமே மூளும்!

இன்னொன்றும் உண்டு. கட்டைவிரலால் மற்ற நான்கு விரல்களின் கணுக்களைத் தொட்டு எண்ணிப் பாருங்கள். விரலுக்கு மூன்றாக நான்கு விரலுக்குப் பன்னிரண்டு. ஜபம் செய்கிறவர்களும், நாள் எண்ணுகிற பெண்களும் அப்படித்தானே எண்ணுகிறார்கள்?

பன்னிரண்டு டஜன் சேர்ந்தால் நூற்று நாற்பத்து நாலு. அது ஒரு 'கிராஸ்'. சட்டைப் பொத்தான் மொத்த வியாபாரத்தில் இது இன்னும் அடிபடுகிறது. இரண்டு டஜன் காகிதம் ஒரு 'குயர்'. இருபது குயர், அதாவது ஒரு ஸ்கோர் குயர், ஒரு 'ரீம்'. ஆக, பழைய ரீமில் 480 தாள். இப்போது குயருக்கு 25, ரீமுக்கு 500 என்று உருண்டை எண்ணாக்கிவிட்டார்கள். பள்ளிக்கூடம் திறந்ததும் குழந்தை "இரண்டு குயர் நோட்டு வேண்டும்" என்று அடம் பிடிக்கிறதே, அந்தக் குயர்தான் இது.

இனி 'பேக்கர்ஸ் டஜன்'. ரொட்டிக்காரன் டஜன் என்றால் பன்னிரண்டல்ல, பதின்மூன்று! பதின்மூன்றாம் நூற்றாண்டில் இங்கிலாந்தில் ரொட்டியின் எடைக்குக் கடுமையான சட்டம் வந்தது. எடை குறைந்தால் தண்டனை. கையால் உருட்டிச் சுடுகிற ரொட்டி கொஞ்சம் கூடும், கொஞ்சம் குறையும். எதற்கு வம்பு என்று ரொட்டிக்காரர்கள் டஜனுக்கு ஒன்று சேர்த்தே கொடுத்துவிட்டார்கள் என்று சொல்லுவார்கள்.

அங்கே பயத்தில் கொடுத்தது. இங்கே பிரியத்தில் கொடுப்பது. அதற்கு நம்மிடம் அழகான பெயர் இருக்கிறது: கொசுறு! காய்கறி வாங்கி முடித்ததும் இரண்டு கொத்துக் கறிவேப்பிலையும் நாலு காம்பு கொத்தமல்லியும் கூடையில் விழுந்தால்தான் நமக்கு வியாபாரம் முடிந்த திருப்தி. கல்யாணத்தில் மொய் எழுதும்போது நூறு எழுதுகிறோமா? நூற்றொன்று! அந்த ஒரு ரூபாயில்தான் ஆசீர்வாதம் இருக்கிறது. நெல் அளக்கிறவர் முதல் மரக்காலை 'ஒன்று' என்று சொல்லாமல் 'லாபம்' என்று சொல்லுவதும் இந்த ரகம்தான். சின்ன எண்ணை வெறும் எண்ணாக விட நமக்கு மனசு வருவதில்லை.

பணப்பையிலே இருந்த எண்கள்

டஜனும் ஸ்கோரும் இங்கிலாந்தில் அவ்வளவு காலம் எப்படி வாழ்ந்தன? காரணம் பணப்பை. பன்னிரண்டு பென்னி சேர்ந்தால் ஒரு ஷில்லிங். இருபது ஷில்லிங் சேர்ந்தால் ஒரு பவுன். கறிகாய் வாங்கப் போன ஒவ்வொரு பெண்ணும் டஜனிலும் ஸ்கோரிலும் கணக்குப் போட்டே தீரவேண்டும்.

நமக்கோ பதினாறு அணா ஒரு ரூபாய். கால் ரூபாய் என்றால் நாலணா, அரைக்கால் என்றால் இரண்டணா, வீசம் என்றால் ஓரணா. 1957 ஏப்ரல் முதல் தேதி நயா பைசா வந்தது. ரூபாய்க்கு நூறு பைசா என்று ஆயிற்று. அரைக்கால் ரூபாய்க்குப் பன்னிரண்டரைப் பைசா! அந்த அரைப் பைசாவை யார் விட்டுக்கொடுப்பது என்று கடைக்குக் கடை வாக்குவாதம் நடந்ததைத் தாத்தா சின்னப் பையனாகப் பார்த்திருக்கிறார். கிராம்பு பெறாத அரைப் பைசாதான். ஆனாலும் எண் மாறினால் எண்ணுகிறவர்களின் நம்பிக்கையும் கொஞ்சம் ஆடித்தான் போகிறது.

இங்கிலாந்தில் அந்த மாற்றம் 1971 பிப்ரவரி 15-ல் வந்தது. பவுனுக்கு நூறு பென்னி. ஷில்லிங் விடைபெற்றது. நாம் மாறி எத்தனை வருஷம் கழித்து அவர்கள் மாறினார்கள் என்று கணக்குப் பாருங்கள். ஏறக்குறையப் பதினாலு! "ஏழும் இரண்டும்!" என்று தாத்தா ஈஸிசேரிலிருந்து குரல் கொடுத்தார்.

நாலைந்து பேர் வருகிறார்கள்

சின்ன எண்ணைச் சரியாகச் சொல்லாமல் மழுப்பவும் இரண்டு பாஷையிலும் வழி இருக்கிறது. இங்கிலீஷில் 'எ கப்பிள்' என்றால் ஜோடி; சாஸ்திரப்படி இரண்டு. ஆனால் பேச்சில் இரண்டாகவும் இருக்கும், மூன்றாகவும் இருக்கும். 'அரை டஜன்' என்று சொல்லிவிட்டு ஐந்தையோ ஏழையோ கொண்டு வந்து நிறுத்துவார்கள்.

நாம் இதில் அவர்களுக்கு அண்ணன். ஓரிரண்டு, இரண்டொரு நாள், நாலைந்து பேர், ஐந்தாறு வீடு, ஏழெட்டு மாதம், பத்துப் பன்னிரண்டு வயது! இதில் ஒரு வேடிக்கையைக் கவனித்தீர்களா? பத்துக்கு அடுத்தது பதினொன்றுதானே? ஆனால் 'பத்துப் பதினொரு பேர்' என்று சொல்லுகிறவர்களைக் காண்பது அரிது. பத்துப் பன்னிரண்டு என்று தாண்டிவிடுகிறோம். அல்லது பத்துப் பதினைந்து என்று ஒரே பாய்ச்சல்!

ஆபீஸிலிருந்து வீட்டுக்காரர், "சாயங்காலம் நாலைந்து பேர் சாப்பிட வருகிறார்கள்" என்று டெலிபோன் செய்தால், அரிசி களைகிறவளுக்கு அது நாலா, ஐந்தா, ஒன்பதா? அவருக்கென்ன, சொல்லிவிட்டார். உலை வைக்கிறவளுக்குத்தானே உண்மையான எண் வேண்டும்! டாக்டர் 'இரண்டொரு நாளில் சரியாகிவிடும்' என்றால் நோயாளிக்கு அது ஆறுதல்; இரவு முழுவதும் விழித்துப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் தாயாருக்கு அது போதாது.

இதைத்தான் அன்று எதிர் வீட்டுக் கூடத்தில் உணர்ந்தேன். பிள்ளை பொய் சொல்லவில்லை. பேத்தியும் வேண்டுமென்று தப்பாகச் சொல்லவில்லை. அழகான பழைய வார்த்தைதான். ஆனால் அது எண்ணப்பட்ட விரல் வேறு, எண்ணிக் காத்திருக்கிற விரல் வேறு. தூரத்திலிருந்து எழுதுகிற பிள்ளைகளுக்கு நான் சொல்லுவது இதுதான். டஜன், ஸ்கோர், ஃபோர்ட்நைட் எல்லாம் படியுங்கள், ரசியுங்கள். ஆனால் காத்திருக்கிறவளுக்கு எழுதும்போது அவளுடைய விரலிலே எண்ணக்கூடிய எண்ணாக எழுதுங்கள்.

அன்று இரவு பிள்ளையே போனில் முகம் காட்டிப் பேசினான். விஷயத்தைக் கேட்டதும் முதலில் சிரித்தான். பிறகு தாயாரின் முகத்தைப் பார்த்துவிட்டுச் சிரிப்பை நிறுத்தினான்.

"அம்மா, பதினாலே நாள். டிக்கெட்கூட வாங்கிவிட்டேன். நீ சாப்பிடு, அம்மா" என்றான்.

பதினாலே நாள்! அந்த 'ஏ'யைக் கவனித்தீர்களா? எண்ணைச் சிறிதாக்குவதற்கு இங்கிலீஷ்காரன் தனியாக ஒரு வார்த்தை தேடவேண்டும். நமக்கு ஓர் ஏகாரம் போதும். ஒரே ஒரு பிள்ளை, இரண்டே இரண்டு மாசம், பதினாலே நாள். கைகேயியைப் போல ஏழால் பெருக்கவேண்டிய அவசியமே இல்லை.

மறுநாள் காலையில் பாட்டி சமையலறைச் சுவரில், நாள்காட்டிக்குப் பக்கத்தில், பதினாலு கரிக்கோடு போட்டார். தினமும் வாசலில் கோலம் போட்டுவிட்டு வந்து, ஈரக்கையால் ஒன்றை அழித்துவிடுகிறார். கணக்கு எழுதுகிற பொறுப்பைப் பேத்தி கேட்டாள்; பாட்டி கொடுக்கவில்லை.

இன்று காலையில் போனேன். ஆறு கோடு மிச்சமிருக்கிறது. "அரை டஜன், பாட்டி!" என்றாள் பேத்தி, புதிதாகக் கற்ற பெருமையோடு.

பாட்டி சட்டுவத்தால் தோசையைத் திருப்பிப் போட்டுக்கொண்டே, "ஆறே ஆறு" என்றார்.